கம்பிவழியில் முப்பத்தெட்டு நிமிஷம்

1919 நவம்பர் 27, வியாழன்

மலையிலிருந்து நேற்று மாலை போடிக்கு இறங்கினோம். மகள் செல்லத்தாயை அழைத்து வரவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வருவது முறை. அதற்காகத்தான் நானும் மனைவி பெரியம்மாளும் போனோம். மழையில் பாதை இரண்டு இடத்தில் சரிந்து கிடக்கிறது. நாங்களே கையை ஊன்றித்தான் ஏறினோம். "வயித்துப் பிள்ளைக்காரி இதுல எப்படி இறங்குவா?" என்று பெரியம்மாள் சொல்லிவிட்டாள். மார்கழியில் எட்டாம் மாதம். இரட்டைப்படை மாதத்தில் அழைத்து வரக்கூடாது. தை பிறந்து ஒன்பதாம் மாதத்தில் என்று முடிவாயிற்று.

மாப்பிள்ளை மலைச்சாமிக்குத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை. வீடு மேல் ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கொட்டகுடிப் பக்கம் கீழ் ஸ்டேஷன் வரைக்கும் கம்பிவழி. கூலிகள் விஞ்சு என்கிறார்கள். இரும்புத் தொட்டிகளில் தேயிலைப் பெட்டிகள் பள்ளத்துக்கு மேலே, ஆகாயத்திலேயே இறங்குகின்றன. ஆள் ஏறக்கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் மேலே கம்பியைக் கவனிக்கும் ஜக்கையன், நடக்க முடியாத நோயாளிகளை யாருக்கும் தெரியாமல் அதில் இறக்கிவிடுகிறான். நேற்றுக் காலை காய்ச்சலில் கிடந்த கிழவர் ஒருவரை இறக்கினான். தொட்டி நகர்ந்ததிலிருந்து, சேர்ந்தது என்று கீழிருந்து மணி அடிக்கிறவரை முப்பத்தெட்டு நிமிஷம். கம்பியின் நீளம் இரண்டே முக்கால் மைல். அதே இடத்துக்கு நாங்கள் நடந்து இறங்க எட்டு மைல். நாலு மணி ஐம்பது நிமிஷம்.

செல்லத்தாயையும் இப்போதே இறக்கலாமா என்று கேட்டேன். "கிழவனுக்குத் துணிஞ்சிட்டேன் அய்யா. இந்தக் காத்துல பிள்ளைத்தாச்சிக்குத் துணிய மாட்டேன். தை பொறக்கட்டும், காத்து அடங்கிரும். நம்ம ஆத்தாளைப் பூ மாதிரி இறக்கிர்றேன்" என்றான்.

"கீழ பாத்தா மயக்கம் வந்துரும்ணே" என்றாள் செல்லத்தாய்.

"கண்ணை மூடிக்க ஆத்தா. தொறக்கயில உங்கம்மா வீட்டுச் சோறு மணக்கும்."

சிரித்துக்கொண்டே நின்றாள். கை நிறைய வளையல்.

டிசம்பர் 14, ஞாயிறு

மதுரையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் கடிதம். லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆகாய விமானம் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தந்தி. பதினோராயிரத்துச் சொச்சம் மைல், இருபத்தெட்டு நாள். கராச்சி, டில்லி, அலகாபாத், கல்கத்தா வழியாகப் போயிருக்கிறது. நம் பக்கம் வரவில்லை. வாசகர்கள் கேட்கிறார்களாம்: மதுரைக்கும் சென்னைக்கும் ஆகாய மார்க்கமாய் எத்தனை மைல், எத்தனை மணி? "உம்மைப் போல் கணக்காக எழுத ஆள் இல்லை" என்கிறார்.

இருபத்தெட்டு நாள் என்பது பிரயாண நேரம். பறந்த நேரம் நூற்று முப்பத்தைந்து மணிதான். மற்றதெல்லாம் இறங்கிக் கிடந்தது. இந்த வித்தியாசத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பல பத்திரிகைகள் குழப்புகின்றன.

டிசம்பர் 15, திங்கள்

தேசப்படத்தை விரித்து நூல் பிடித்து அளந்தேன். மதுரை–சென்னை நேர்கோட்டில் இருநூற்று அறுபத்திரண்டு மைல். ரயில் பாதை முந்நூற்று நாற்பத்தைந்து. மணிக்கு எண்பது மைல் என்று வைத்தால் மூன்று மணி பதினாறு நிமிஷம். போடியிலிருந்து மதுரைக்கு ஐம்பத்து மூன்று மைல், நாற்பது நிமிஷம். மாட்டு வண்டியில் இரண்டு ராத்திரி.

பெரியம்மாள் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுல மலை இருந்தா?"

"மேலே போகும்."

"மழை பேஞ்சா?"

"இறங்கிவிடும்."

"அப்ப நம்ம வண்டியே தேவல. நனைஞ்சுக்கிட்டாவது போயிரும்."

டிசம்பர் 17, புதன்

கட்டுரை தபாலில் சேர்ந்தது. கடைசியில் ஒரு பாரா சேர்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவை ஏன் பார்க்க வேண்டும், நம் மலையிலேயே ஆகாய மார்க்கம் ஓடுகிறதே என்று. முப்பத்தெட்டு நிமிஷமும் நாலு மணி ஐம்பது நிமிஷமும் எழுதினேன். இதுவரை ஒன்பது நோயாளிகள் இப்படி இறங்கியிருக்கிறார்கள் என்பதையும்.

ஜக்கையன் இன்று சந்தைக்கு வந்திருந்தான். இலக்கத்தைச் சரிபார்க்கக் கேட்டேன். விரல் விட்டு எண்ணி, "ஒம்போது. சரிதான்" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "பேப்பர்ல என் பேரு வருமா அய்யா?" என்றான்.

"வரும்."

"எங்க வீட்டுக்காரிக்குக் காட்டணும். விஞ்சுக் குரங்குன்னுதான் கூப்புடுறா."

பெயர் போட்டேன். பெயரும் இடமும் நேரமும் இல்லாவிட்டால் அது செய்தியில்லை, வதந்தி. இருபத்தொன்பது வருஷமாக இப்படித்தான் எழுதி வருகிறேன்.

டிசம்பர் 20, சனி

பத்திரிகை வந்தது. ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. ஏலக்காய் மண்டியில் உரக்க வாசித்தார்களாம். மண்டிக்காரர் சீனிச்சாமி என்னைத் தெருவிலேயே நிறுத்தினார். "மாப்ளே, எங்க சின்ன மாமியா வீட்டுக்கு ஆகாயத்துல எத்தனை மைல்னு அளந்து சொல்லும். சண்டைக்கு நடந்து போனாக் கோவம் ஆறிப் போகுது."

ஜக்கையனுக்கு இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 29, திங்கள்

மாப்பிள்ளையிடமிருந்து கடிதம். தோட்டத்துத் துரை கட்டுரையை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாராம். கேட்ட அன்றே ஜக்கையனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மேலே புது ஆள். மேலும் கீழும் காவல். ஆள் ஏற்றுகிறவன் வேலைச் சீட்டு அப்போதே கிழிக்கப்படும் என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

"மொழிபெயர்த்துச் சொன்னது நான்தான் மாமா. எனக்கு வேறு வழி தெரியவில்லை" என்று கடைசியில் எழுதியிருக்கிறார்.

பெயர் போடாமல் எழுதியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அன்று ஏன் தோன்றவில்லை? விதியை மீறி ஒருவன் செய்கிற நல்ல காரியம். அதை அச்சில் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிருபனுக்குத் தெரியாதா?

தெரிந்திருக்க வேண்டும்.

1920 ஜனவரி 1, வியாழன்

ஜக்கையனைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. பாதையில் அரிசி மூட்டை சுமக்கப் போய்விட்டான் என்றாள் மனைவி. அந்த இரண்டு பிரதிகளையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜனவரி 3, சனி

செல்லத்தாய்க்குக் கால் வீங்கியிருக்கிறதாம், தலைவலியாம். மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். விஞ்சு இல்லாவிட்டால் போகட்டும், இப்போதே டோலி கட்டி மெதுவாக இறக்கிவிடலாம் என்றேன். பாதையைச் சரிசெய்துவிட்டார்கள். பெரியம்மாள் கேட்கவில்லை.

"எட்டாம் மாசம் தாண்டட்டும். பத்து நாள்ல தை பொறந்துரும். எங்க அக்கா மகளை எட்டுல எடுத்துட்டு வந்து என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தப் பெண் வேறு காய்ச்சலில் செத்தாள். அதை நான் சொல்லவில்லை. நானும் அதை நம்புகிறேனா? இல்லை. ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை. பத்து நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

ஜனவரி 9, வெள்ளி, காலை 10-25

கீழ் ஸ்டேஷனிலிருந்து ஆள் ஓடி வந்து சீட்டு கொடுத்தான். மாப்பிள்ளை கையெழுத்து. விடிய நாலு மணிக்கு உதிரம் போகத் தொடங்கியதாம், நிற்கவில்லை. அங்கே கம்பவுண்டர் ஒருத்தர்தான். விஞ்சில் ஏற்றக் கேட்டிருக்கிறார், புது ஆள் மறுத்துவிட்டான். டோலியில் புறப்படுகிறோம், ஆசுபத்திரியில் சொல்லி வையுங்கள் —

சீட்டு மட்டும் தேயிலைப் பெட்டியோடு வந்திருக்கிறது. ஏழு மணித் தொட்டியில்.

ஆசுபத்திரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். வண்டி பூட்டுகிறார்கள். இந்த மாடு ஏன் இப்படி நிக்குது. வெரசா, வெரசா.

ஜனவரி 12, திங்கள்

எழுதாமலிருக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டோலி மேலேயிருந்து ஏழரைக்குப் புறப்பட்டிருக்கிறது. தூக்க எட்டுப் பேர், முறை மாற்றி. கம்பவுண்டர் பாதி வழி கூட வந்தார். பாதை ஈரம். வேகமாய் நடந்தால் குலுங்குகிறது, குலுங்கினால் உதிரம் அதிகமாகிறது. ஆகவே மெதுவாக. மெதுவாக நடந்தால் நேரமாகிறது. மாப்பிள்ளை ஒரு கையால் டோலியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒன்பது மணிக்குத் தண்ணீர் கேட்டாள். பத்து மணிக்கு, "அம்மா வந்துட்டாளா" என்று கேட்டாள். பதினொன்றுக்குப் பேச்சில்லை. ஓடையைத் தாண்டியதும் வரும் வளைவில் இறக்கிவைத்துப் பார்த்தபோது உச்சி வெயில். பன்னிரண்டு மணி இருக்கும்.

நாங்கள் வண்டியை விட்டு ஏறி, அந்த இடத்துக்குப் போனபோது இரண்டே கால்.

கம்பியில் ஏழு மணிக்கு ஏறியிருந்தால் ஏழு முப்பத்தெட்டுக்குக் கீழே. வண்டியில் பத்தரைக்குப் போடி ஆசுபத்திரி. பன்னிரண்டு வரை உயிர் இருந்திருக்கிறது.

டாக்டர் காப்பாற்றியிருப்பாரா? தெரியாது. தெரியாததை எழுதக்கூடாது.

ஒன்றரை மணி நேரம் இருந்தது. அது தெரியும்.

ஜனவரி 14, புதன்

தை பிறந்துவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

காரியம் முடிந்து உறவினர் எல்லோரும் போய்விட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது வழக்கம். இறக்க முடியாத சுமையோடு போனவள் பெயரால், வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கிவைக்க இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைப்பார்கள். ஓடை வளைவிலேயே நட வேண்டும் என்று பெரியம்மாள் சொன்னாள். கல் தச்சனிடம் சொல்லியாயிற்று. கல்லில் என்ன எழுத என்று கேட்டான். பெயர் மட்டும் என்றேன்.

மத்தியானம் பெரியம்மாள் அந்தப் பத்திரிகையை எடுத்து வந்து முன்னால் போட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"வாசிங்க."

"வேண்டாம்."

"ஊரெல்லாம் கேட்டுருச்சு. நான் மட்டும் கேக்கல. வாசிங்க."

லண்டனிலிருந்து ஆரம்பித்தேன். நூற்று முப்பத்தைந்து மணி, இருநூற்று அறுபத்திரண்டு மைல், எல்லாம் வாசித்தேன். கடைசிப் பாராவில் நிறுத்தினேன். காத்திருந்தாள். வாசித்து முடித்தேன்.

"ஜக்கையன் பேரு வர்ற எடத்த இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன்.

"நல்லாத்தான் எழுதிருக்கீக" என்றாள். பத்திரிகையை மடித்துக்கொண்டே, "நான்தான எட்டாம் மாசம் வேணாம்னேன்" என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஜனவரி 28, புதன்

ஜக்கையன் துக்கம் கேட்க வந்தான். தோளில் மூட்டைத் தழும்பு. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நான் இருந்திருந்தா எறக்கிருப்பேன் அய்யா."

"தெரியும்."

"பேரு வரணும்னு நான்தான ஆசப்பட்டேன். நீங்க என்ன பண்ணுவீக."

"ஆசப்பட்டது நீ. யோசிச்சிருக்க வேண்டியது நான்" என்றேன்.

 பிறகு மலைச் செய்தி சொன்னான். போன வாரம் மரம் விழுந்து ஒரு கூலிக்குத் தொடை முறிந்துவிட்டதாம். டோலியில்தான் இறக்கியிருக்கிறார்கள். குலுங்குகிற ஒவ்வொரு அடிக்கும் அவன் போட்ட சத்தம் எதிர்ச் சரிவுவரைக்கும் கேட்டதாம். "தலைக்கு மேல தொட்டி காலியாப் போகுது அய்யா. எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நடக்குறாக."

புது ஆளுக்குக் கம்பி அறுந்தால் முறுக்கி இணைக்கத் தெரியவில்லையாம். ஜனவரியில் இரண்டு முறை வேலை நின்றிருக்கிறது. "துரைக்கு என்னைய எடுக்கணும்னுதான் இருக்கு. ஆனா பேப்பர்ல வந்துருச்சே. வந்தது வந்ததுதான்னு சொல்றாராம்."

அவன் போன பிறகு வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தது வந்ததுதான்.

பிப்ரவரி 2, திங்கள்

ஆசிரியருக்கு எழுதியது, பிரதி:

"டிசம்பர் 20-ந் தேதி இதழில் மலைக் கம்பிவழியில் நோயாளிகள் இறங்குவதாக நான் எழுதியது நேரில் கண்டதல்ல, கேள்விப்பட்டது. விசாரித்ததில் ஒருவரும் அவ்வாறு இறங்கியதில்லை என்றும், அதில் பெயர் குறிக்கப்பட்ட ஜக்கையன் என்பவர் மீது யாதொரு குற்றமும் இல்லை என்றும் தெரியவருகிறது. தவறு முழுவதும் நிருபருடையது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும். திருத்தம் என் பெயரோடு வர வேண்டும்."

ஒன்பது பேர் இறங்கினார்கள். ஒன்பதாவது ஆளை என் கண்ணால் பார்த்தேன், கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு. இருபத்தொன்பது வருஷத்தில் நான் தெரிந்தே எழுதிய முதல் பொய் இது. மூன்று முறை அடித்து எழுதினேன். பொய் எழுதக் கை பழகவில்லை. முதல் இரண்டு முறையும் உண்மை எங்கேயோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பிப்ரவரி 14, சனி

திருத்தம் வந்துவிட்டது. பெயரோடு. ஆசிரியர் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறார். "உம்மிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை. மதுரை–கொழும்பு ஆகாய தூரம் பற்றிய அடுத்த கட்டுரையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்." சரிதான். நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

சீனிச்சாமி இந்த முறை தெருவில் நிறுத்தவில்லை. மண்டிக்குள்ளிருந்தபடியே யாரிடமோ சொன்னார்: "ஆகாயக் கணக்குப் பூராவும் கேள்விக் கணக்குத்தானாம்ல." சிரித்தார்கள். நான் நடந்துகொண்டே இருந்தேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு பிரதி அனுப்பினேன், துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்படி.

பிப்ரவரி 22, ஞாயிறு

கல் நட்டாயிற்று. தச்சனும் நானும் மாப்பிள்ளையும் மட்டும். பெரியம்மாள் வரவில்லை. செல்லத்தாய் என்று ஆறு எழுத்து. கட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து ஏலக்காய் மூட்டையோடு ஒருத்தி வந்தாள். யாருடைய கல் என்று கேட்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 1, திங்கள்

ஜக்கையனை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். மேல் ஸ்டேஷனிலேயே. காவலை எடுத்துவிட்டார்கள், பலகை அப்படியே இருக்கிறதாம்.

மார்ச் 24, புதன்

சந்தை நாள். ஜக்கையன் வந்தான். இந்த முறை உட்கார்ந்தான்.

"நேத்துக் காலைல ஒரு ஆளை எறக்கினேன் அய்யா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யாரு, என்னன்னு கேக்காதீக."

கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். "பிழைத்ததா?"

"ஆசுபத்திரில கெடக்கு. கஞ்சி குடிச்சுச்சாம்."

அவன் போன பிறகு அடுப்படியில் பெரியம்மாளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எழுதப் போறீகளா?"

"இல்லை."

உலையில் அரிசியைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆசுபத்திரியில் கஞ்சி யார் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். தெரியாது என்றேன். பானையில் இன்னொரு பிடி அரிசி போட்டாள்.